மாற்றுக் கட்சியினர்

நாளிதழில் ஆறாம் பக்கம், கீழ்மூலை:
'மாற்றுக் கட்சியினர் நாற்பத்திரண்டு பேர் இணைந்தனர்.'
படத்தில் மூன்றாம் வரிசை.
ஒருவன் தோளுக்கும் இன்னொருவன் காதுக்கும் நடுவே
என் நெற்றி.
இருபத்தாறு வருஷம்
இவர்களைத்தான் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சால்வையோடு பஸ் ஏறி நான் வருவதற்குள்
செய்தி புளியந்தோப்புக்கு வந்துவிட்டிருந்தது.
டீக்கடையில் டெல்லிபாபு
பெஞ்சில் தன்னருகே இருந்த என் கிளாஸை
இரண்டு விரலால் தள்ளி வைத்தான்.
"இன்னா நைனா, எவ்ளோ குட்த்தான்?"

லாக்கப்பில் ஒரே பாயில் படுத்தவன்.
மறியலில் என் பல் போனபோது
ரோட்டில் தேடிப் பொறுக்கி
தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தவன்.
பதில் சொல்ல வாயெடுத்தேன்.
பல் இருந்த இடத்தில்
நாக்கு போய் நின்றுகொண்டது.

இரவு பதினொன்று ஐம்பதுக்கு
வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நீக்கினான்
அக்கா மகன்.
அந்த போன் நான் வாங்கிக் கொடுத்தது.

பெரியவள் நிச்சயதார்த்தத்துக்கு
தாய்மாமன் தனசேகர் வரவில்லை.
தட்டு மட்டும் ஆட்டோவில் வந்தது, தனியாக.
பூ, பழம், மஞ்சள், பட்டுப்புடவை.
டிரைவர் கூலி கேட்டார்.

அவளுக்கு வாகைச்செல்வி என்று
ஓட்டேரி மேடையில் தலைவர் பேர் வைத்தார்,
நாற்பதாம் நாள் குழந்தையை மைக்குக்கு மேலே தூக்கி.
கைதட்டலில் மிரண்டு அழுதாள்.
இப்போது தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டே
சிரிக்காமல் கேட்கிறாள்:
"என் பேரையும் மாத்திடணுமாப்பா?
பத்திரிகை அடிக்கக் குடுக்கறதுக்குள்ள சொல்லிடு."

அலமேலு மூன்று நாள் பேசவில்லை.
நாலாம் நாள் மொட்டை மாடியில்
என் பழைய கரைவேட்டிகள் பதினொன்றையும் விரித்து
வடகம் பிழிந்திருந்தாள்.
நாலு மூலைக்கும் செங்கல்.
தெரு முழுக்கத் தெரிகிற மாதிரி
காற்றில் படபடத்தது கரை.
காக்கா விரட்ட என்னைத்தான் உட்காரவைத்தாள்.

காரணம் கேட்டவர்களுக்கு
ஆளுக்கொன்று சொன்னேன்.
கொள்கை என்றேன். கவுன்சிலர் சீட் என்றேன்.
மழையில் ஏரியா மிதந்தபோது
ஒரு மோட்டார்கூட வரவில்லை என்றேன்.
எதுவும் பொய்யில்லை.

ஆனால், வட்ட அலுவலகத்தில் ஒரு சாயங்காலம்
கான்ட்ராக்டரின் மச்சினன் உள்ளே வந்தான்.
இருபத்துநாலு வயசு, கூலிங்கிளாஸ்.
"அண்ணே, கொஞ்சம் எந்திரிச்சுக்கோங்க."
எந்திரித்தேன்.
கூட்டம் முடிய இரண்டு மணி நேரம்.
முட்டி விண்விண்ணென்று தெறித்தது.
டெல்லிபாபுவும் இருந்தான்,
சுவர்க் காலண்டரில் என்னவோ தேடிக்கொண்டு.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
கை உடைந்தது வேறு.
இதைப் போய் யாரிடம் சொல்ல?

புது ஆபீசில் எல்லாம் குஷன் நாற்காலி.
இன்னும் ஒன்றும் காலியாகவில்லை.

தேர்தல் நாள்.
தார் இளகும் வெயில்.
பள்ளிக்கூடத்துக்கு அப்பால் இரண்டு மேஜை,
நடுவில் மூடாத சாக்கடை.
எதிர் மேஜையில் டெல்லிபாபு,
வழக்கம்போலக் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு.

மூன்றாம் சந்து கோசலை வந்து நிற்கிறாள்.
"என் நம்பரு இன்னாப்பா?"
பட்டியலைக் கண்ணுக்குக் கிட்டே வைக்கிறான்,
தள்ளிவைக்கிறான்,
எச்சில் தொட்டுப் புரட்டுகிறான்.
கிழவி முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்கிறாள்.

"தொண்ணூத்தேழாம் பாகம். அறுநூத்தி எண்பத்தி மூணு."
தலையைத் தூக்காமல்தான் சொன்னேன்.
அவனும் தூக்காமல்தான் எழுதினான்.

என் பக்கத்துப் பையன் பேனாவோடு கேட்டான்:
"அது யார் ஓட்டுண்ணே?"
"நம்ம ஓட்டுதாண்டா" என்றேன்.

நோட்டில்
எங்கள் கணக்கில் ஒரு கோடு போட்டுக்கொண்டான்.